ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

நகரத்தார், நாட்டார், ஊர்ப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருணி வேலை முடிந்துவிட்டது. ஆவணி மழையில் வரத்துக்கால் வழியாக முதல் தண்ணீர் இறங்கியதைக் குழுவினர் எல்லோரும் படித்துறையில் நின்று பார்த்தோம். வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

முதல் கூட்டத்தில் பலரும் கேட்டது சிமெண்ட் தளம், சுற்றிலும் டைல்ஸ் நடைபாதை, இன்னும் கொஞ்சம் ஆழம். அன்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நம் ஊர்ப் புள்ளி ஒருவர் சொன்ன செய்திதான் பேச்சைத் திருப்பியது. வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில், டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1907இல் திறந்த கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. மணலும் காட்டுப் புல்லுமாக இருந்த அதன் ஓரங்கள் காலப்போக்கில் பச்சைப் புல்தரையாகிவிட்டன. 2010, 2011இல் அதைச் சீரமைத்த பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் தங்கள் கைவரிசையைக் காட்டவில்லை. 1943இல் எடுத்த விமானப் படங்களைப் பார்த்து, மண்ணுக்குள் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயின் தடத்தைப் பிடித்து, ராஸ் போட்ட பாதையைக் கண்டுபிடித்தார்கள். பல ஏக்கர் புல்லை எடுத்துவிட்டுப் பழைய மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014இல் யு.எஸ். ஓப்பன் ஆண்கள் போட்டியும் பெண்கள் போட்டியும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் நடந்தன.

சரி, நம்மிடம் விமானப் படம் ஏது? மேலவீட்டு ஆச்சியிடம் கல்யாணப் படம் இருந்தது. அதில் கிழக்குப் படித்துறை முழுசாகத் தெரிந்தது. “குடத்தோட பதினோரு படி இறங்குவோம்” என்றார்கள் ஆச்சி. வெளியே தெரிந்தவை ஆறு. அந்தப் பக்கம் மட்டும் எந்திரத்தை விடாமல் வண்டலைக் கையால் வாரினோம். மீதி ஐந்தும் ஒரு கல் நகராமல் கிடந்தன. அன்றைக்குச் சாயங்காலம் ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்து காட்டினோம்.

வண்டலுக்குக் கீழே களிமண் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டோம். தண்ணீரைப் பிடித்து வைப்பதே அந்தக் களிமண்தான். ஆழத்துக்கு ஆசைப்பட்டு அதை வெட்டியிருந்தால் சித்திரையில் வெறும் குழிதான் மிஞ்சும். சுவர் செம்புராங்கல். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல் அது. வடக்குச் சுவரில் முன்பு பூசிய சிமெண்ட், ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லைப் பொடியாக்கியிருந்தது. முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பது அரிது, அதனால்தான் நாள் கூடிப்போனது. அவர்களோடு நம் ஊர்ப் பையன்கள் இருவரையும் சேர்த்துவிட்டிருக்கிறோம்.

ஒரு தவறும் நடந்தது. வரத்துக்கால் வாயில் கல்லை டிராக்டர் இடித்து உடைத்துவிட்டது. அதே மாதிரிக் கல் கிடைக்கவில்லை. இப்போது வைத்திருப்பது நிறம் மாறித் தெரியும். நாங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டியாக வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அரிவாள், மண்வெட்டியோடு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழு