முற்றத்தைத் திறந்த கைகளுக்கு நன்றி

ஊரிலுள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், வெளியூரில் இருந்தபடி கைகொடுத்த பங்காளிகளுக்கும் வணக்கம்.

பெரிய வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டன. காரைக்குடிக்குப் பக்கத்தில் இந்தச் சிற்றூரில் மின்சிக்கன வேலையைத் தொடங்கியபோது எங்கள் குழுவிடம் ஒரு வாட் மீட்டரும் ஒரு நோட்டும்தான் இருந்தன. மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி தெற்குத் தெரு ஆச்சிக்கு. குரங்குத் தொல்லைக்காக அவர்கள் வீட்டு முற்றத்தின் மேல் தகரம் அடித்திருந்தார்கள். நடுப்பகலிலும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் குண்டு பல்புகள் எரிந்தன. விசிறி ஓய்ந்ததே இல்லை. 60 வாட் பல்பின் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போதும் என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தகரத்தை எடுத்துவிட்டால் பகலில் அதுவும் வேண்டாமே, தம்பி" என்றார்கள். தகரம் போய்க் கம்பிவலை வந்தது. இப்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலையிலேயே வெயில் இறங்குகிறது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பல்பைப் பற்றிப் பேசுமுன் முற்றத்தைத்தான் பார்க்கிறோம்.

பெரிய வீட்டுக் கதை நீண்டது. மின் இணைப்பு காலமான ஐயா பெயரிலேயே இருந்தது. அதை மாற்றப் பதினொரு புள்ளிகளும், அதாவது வீட்டில் பங்குள்ள பதினொரு குடும்பங்களும், கையெழுத்திட வேண்டியிருந்தது. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று சிதறிக் கிடந்த பங்காளிகளில் ஒருவர்கூட மறுக்கவில்லை. பூர்வீக வீட்டில் ஆணி அடிக்கவே யோசிக்கும் குடும்பம் அது. அந்தச் சம்மதத்தின் எடை எங்களுக்குத் தெரியும். 3 கிலோவாட்டுக்கான 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் கிடைக்க வழி திறந்ததும் அந்தக் கையெழுத்துகள்தான்.

கொத்தனார் அண்ணன் இல்லையென்றால் இரண்டு பெரிய தவறுகள் செய்திருப்போம். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்துத் தளத்தில் துளை போட்டால், மேலே பதித்த தட்டோட்டுக்குக் கீழே மழைநீர் இறங்கும், தேக்கு உத்தரம் உளுத்துப்போகும் என்று தடுத்தார். துளையே இல்லாமல் கான்கிரீட் கட்டைகளின் பாரத்தில் சட்டத்தை நிறுத்தினார். நாங்கள் குறித்த இடத்தில் பிற்பகலில் முகப்பின் கஜலட்சுமிச் சுதையின் நிழல் விழும் என்பதையும் அவர்தான் காட்டினார். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி குறையலாம். இரண்டு நாள் வெயிலில் நின்று சுண்ணாம்புக்கோடு போட்டு நிழலை அளந்தவருக்குக் கூலி கொடுத்தோம். அது நன்றிக்கு ஈடாகாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாலைதோறும் வந்து எங்கள் சந்தேகங்களைத் தீர்த்தார். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இந்த அமைப்புக்கு பேட்டரி தேவையில்லை, ஆனால் ஊரில் மின்சாரம் போனால் இதுவும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு என்று முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அதனால் பின்னால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

வாங்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டரைப் பொருத்திய ஊழியர்களுக்கும், நோட்டில் கணக்கெழுதிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், வேலை நடந்த நாளெல்லாம் பானகம் கரைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு அக்காவுக்கும் நன்றி.

தெற்குத் தெரு ஆச்சி வீட்டிலிருந்து கழற்றிய தகரம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மாட்டுக்கொட்டகைக்கு வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஆச்சியிடம் கேட்டுவிட்டோம்.

அன்புடன்,
மின்சிக்கனக் குழுவினர்