கலர் ஷீட் கொட்டகையில் சொட்டுவது மழைநீர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் நெல்லும் மணிலாவும் (நிலக்கடலை) பயிரிட்டு வரும் விவசாயி நான். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் எங்கள் கீற்றுக் கொட்டகை பறிபோனது. அதன் பிறகு பல ஆண்டுகள் விதை மூட்டைகளை வீட்டுக் கூடத்திலேயே அடுக்கிச் சமாளித்தோம். சென்ற ஆண்டுதான் 30 அடிக்கு 20 அடியில் சுற்றிலும் கலர் ஷீட் என்னும் வண்ணம் பூசிய உலோகத் தகடு அடைத்து ஒரு கொட்டகை போட்டு, ஐப்பசித் தொடக்கத்தில் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் தரையும் போட்டோம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, 28 நாள் கழித்து, ஆடிப்பட்ட மணிலாவில் விதைக்கென்று ஒதுக்கியதைக் கொண்டுபோய் அடுக்கினோம்.

மார்கழி பிறந்ததும் மழை விட்டு வானம் வெளுத்தது. அதன் பிறகுதான் கொட்டகைக்குள் சொட்டத் தொடங்கியது. கூரை ஒழுகுகிறது என்று எண்ணி, ஆணி முடுக்கிய இடமெல்லாம் மேஸ்திரியைக் கொண்டு சிலிக்கான் பூசினோம். மறுநாள் விடியற்காலையும் சொட்டியது. மூட்டைகள் நனையாதிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பத்து நாள் கழித்துத் தார்ப்பாயை விலக்கியபோது அதன் மேற்புறத்தைவிட அடிப்புறமே அதிகம் நனைந்து, முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது. அடி மூட்டைகளின் சாக்கு கறுத்துப் போயிருந்தது. ஒரு காயை உடைத்துப் பார்த்தேன். பருப்பின் தோல்மேல் மஞ்சள் கலந்த பச்சையில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

சொட்டியது கூரைக்கு மேலிருந்து வந்த நீர் அன்று, நாங்களே தரையில் ஊற்றிய நீர் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தத் தரைக்கு 36 மூட்டை சிமென்ட் சென்றது. மூட்டைக்கு 30 லிட்டர் என்றாலும் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கலந்திருக்கிறது. சிமென்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது சுமார் 450 லிட்டர் போதும். மீதியில் ஒரு பகுதி கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கிவிட, எஞ்சிய நூற்றுக்கணக்கான லிட்டர் நீர் மாதக்கணக்கில் ஆவியாகி மேலே வந்தாக வேண்டும். 28 நாள் என்பது கான்கிரீட் வலுப்பெறும் கணக்கே தவிர உலரும் கணக்கு அன்று. நல்ல வெயில் காலத்திலேயே ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நாங்களோ அடைமழைக் காலத்தில் போட்டுக் கதவையும் சாத்தி வைத்தோம்.

இரவில் அரை மில்லிமீட்டர்த் தகடு தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. 23 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 21 டிகிரிக்குக் குளிர்ந்த தகட்டைத் தொட்டாலே நீராகிவிடும். அந்த நீர் சரிவில் இறங்கிக் குறுக்குச் சட்டம் தடுக்கும் இடத்தில் சொட்டும். மழையில்லாத இரவில், சட்டத்தை ஒட்டி வரிசையாகச் சொட்டினால் அது ஒழுக்கு அன்று என்று அறியலாம்.

முகட்டில் சுழலும் காற்றாடியும், இறவாரத்தின் கீழ் வலை அடித்த திறப்பும் வைத்த பின் ஈரம் வெளியேறத் தொடங்கியது. ஆனால் கடற்காற்று அடிக்கும் நம் பகுதியில் இரவுக் காற்றே ஈரமானது என்பதால், காற்றோட்டம் மட்டும் போதவில்லை. கூரைத் தகட்டின் அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய நுரை விரிப்பு அடித்த பிறகே சொட்டு நின்றது. தரை உலர்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். பங்குனியில் தாளின் அடியில் நீர் கோத்தது, வைகாசியில்தான் உலர்ந்திருந்தது.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. கான்கிரீட் கொட்டும் முன் 250 மைக்ரான் பாலிதீன் தாளை மண்மேல் விரித்திருந்தால், நிலத்தடி ஈரம் தரை வழியே ஏறுவதையாவது தடுத்திருக்கலாம். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை. தரையை உடைக்காமல் இனி அதைச் செய்ய முடியாது; மழைக்காலம்தோறும் ஈரம் திரும்பி வரும் என்பதால், மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் அடுக்க வேண்டியிருக்கிறது.

இது ஒரு வீட்டு நட்டத்தோடு முடிவதில்லை. மணிலாவில் படரும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுமையாக அழியாது. கெட்ட காயைச் செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கின் வழியே மாட்டுக்கும், அதன் பாலுக்கும் போய்ச் சேரும். நான் அந்த மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஆகவே கொட்டகை போட்டுத் தரும் ஒப்பந்ததாரர்கள் தங்கள் விலைப்பட்டியலில் தரைக்கு அடியில் விரிக்கும் பாலிதீன் தாளையும் முகட்டுக் காற்றாடியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றும், சேமிப்புக் கொட்டகைகளுக்கு மானியம் வழங்கும்போது இவ்விரண்டும் உள்ளனவா என்று அதிகாரிகள் பார்த்தே தொகையை விடுவிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஐப்பசியில் தரை போட இருப்பவர்கள், இயன்றால் அதைத் தைக்குத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.