வாய் திறக்காதவர்களுக்கும் கதவு திறந்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தமிழ் பேசும் தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர்கள்), அவர்களைப் பெற்றவர்கள் ஆகியோருக்குத் துணை நிற்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்றீர்கள். சிலர் பெயரைப் போட்டால், அவர்கள் கைகொடுத்த பிள்ளையின் வீடு எது என்று தெரிந்துவிடும். அதனால் பெயர்கள் இல்லை. நீங்கள் செய்ததை மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி, வெளியே பார்த்தால் ஒன்றுமே செய்யாததுபோல் தெரிகிறவர்களுக்கு. தம்பியின் கைப்பேசியில் தற்செயலாக ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்ட அக்காக்கள், மாணவியின் பயிற்சி நோட்டில் இருந்த கடிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்த ஆசிரியை, வேலையாள் யாரோடு வருகிறார் போகிறார் என்று தெரிந்தும் பேச்சை மாற்றிய கடை முதலாளி. விஷயம் தெரிந்ததும் நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி: "வேற யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியவே கூடாது?" இந்த வேலையில் இவற்றைவிடப் பயனுள்ள கேள்விகளை நாங்கள் பார்த்ததில்லை.

நல்லது நினைத்தே பலர் முந்திக்கொண்டு பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். காலையில் ஒரு சித்தியிடம் சொன்னது மதியத்துக்குள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று குடும்ப வாட்ஸ்அப் முழுக்கப் போய்விடும். அப்படி வந்து சேரும்போது அப்பாவின் காதில் முதலில் விழுவது சொந்தக்காரர்களின் பேச்சு. பிள்ளை வாய் திறப்பதற்குள் அவமானம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கைப்பேசி பறிபோகிறது, கல்லூரி நிற்கிறது, அவசர அவசரமாகப் பெண் பார்க்கிறார்கள். எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. அதைப் பிடுங்காமல் காத்தவர்களுக்கு எங்கள் கைகூப்பு.

அடுத்து, தமிழிலேயே ஆலோசனை தந்த பதிவு பெற்ற ஆலோசகர்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, மலேசியாவில் இந்தத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டாலே முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம் என்று நீங்களே பெற்றோருக்குச் சொன்னீர்கள். "மாத்திக் காட்டுறேன்" என்று காசு வாங்குகிறவர்களிடமிருந்து அந்த ஒரு வார்த்தையே சில குடும்பங்களைத் தடுத்தது. மந்திரிப்பது, அடைத்து வைப்பது, மாத்திரை போட்டுத் தூங்க வைப்பது எதுவும் ஈர்ப்பை மாற்றுவதில்லை. பயத்தையும் பொய்யையும்தான் கற்றுக்கொடுக்கிறது.

பெற்றோர் குழப்பிக்கொள்ளும் இரண்டை நீங்கள் பொறுமையாகப் பிரித்துக் காட்டினீர்கள். ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ இரண்டிலும் அடங்காதவர் என்றோ உணர்வது பாலின அடையாளம். யார்மேல் மனம் போகிறது என்பது பாலீர்ப்பு. ஒன்று மற்றதைத் தீர்மானிப்பதில்லை. மகன் ஆண்களை விரும்புகிறான் என்று தெரிந்ததும், நாளைக்குச் சேலை கட்டுவானோ என்று அழுத அம்மாவுக்கும், திருநம்பியான பிள்ளையைப் 'பெண்களை விரும்பும் பெண், அவ்வளவுதான்' என்று எண்ணிய அப்பாவுக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கப் பல சந்திப்புகள் தேவைப்பட்டன. நோய் என்ற பேச்சு வந்தால் தேதிகளை எடுத்து வைத்தீர்கள்: தன்பாலீர்ப்பு நோயல்ல என்று 1973-இல் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் முடிவெடுத்தது. 1990 மே 17-இல் உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள பட்டியலில் திருநர் நிலையும் மனநோய்ப் பகுதியில் இல்லை.

பிடிவாதமான அப்பாக்களை அசைத்தது என்னவோ சென்னை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்தான். இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியல் நிபுணர் முன் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டார். அதன்பின், 2021 ஜூனில், மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை சொன்னார். அது இந்தியத் தீர்ப்பு, இங்கே செல்லாது. ஆனாலும் உயர் நீதிமன்ற நீதிபதியே பாடம் கேட்டார் என்றால் தாமும் கேட்கலாம் என்று தோன்றிய பெரியவர்கள் உண்டு.

செந்தூலில் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒத்திகைக் கூடமாக்கிக் கொடுத்த அக்காக்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பெற்றோரிடம் சொல்லப் போகும் பிள்ளைக்கு நீங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது, எப்போது சொல்லக் கூடாது என்பதை. தீபாவளி, தைப்பூசம், கல்யாண வீடு, சாவு வீடு, எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு நேரம் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். தூக்கமில்லாதபோது வரும் கோபம் வேறு மாதிரி. நெடுஞ்சாலையில் போகும் காரில் வேண்டவே வேண்டாம். ஓட்டுகிறவர் பதறுவார், யாரும் எழுந்து போகவும் முடியாது. சனிக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, இருவரில் யார் சற்று மெத்தென்று இருப்பவரோ அவரிடம் தனியாக.

சொல்வது மூன்று வரிக்குள் இருக்கட்டும் என்றீர்கள். "அம்மா, எனக்கு ஆம்பளைங்க மேலதான் விருப்பம். ரொம்ப நாளாவே தெரியும். உங்க வளர்ப்புல எந்தக் குறையும் இல்ல." அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். நீளமாக விளக்கினால் அம்மா அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிடத் தொடங்குவார். "யார் உன்னைக் கெடுத்தா?" என்ற கேள்வி அநேகமாக வரும். அப்போது நண்பர் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது; சொன்னால் கோபம் முழுக்க அந்த வீட்டு வாசலுக்குப் போகும்.

முன்னேற்பாட்டையும் விடவில்லை. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், வங்கி அட்டை, இரண்டு வாரத்து மருந்து, கொஞ்சம் ரொக்கம், எல்லாம் ஒரே உறையில், நம்பும் ஒருவர் வீட்டில். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து வீட்டுக் கணினியை நீக்க வேண்டும். பல பிள்ளைகளின் ரகசியம் அந்தக் கணினித் திரையில்தான் வெளியாகியிருக்கிறது. இடம் பகிர்வதையும் பார்த்துவைக்க வேண்டும், ஆனால் திடீரென நிறுத்தினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று எச்சரித்தீர்கள். வீட்டுச் சோற்றை நம்பி இருப்பவர், வெளியே தங்க இடம் உறுதியாகும்வரை சொல்லாமல் இருப்பதும் சரியான முடிவே என்று நீங்கள் சொன்னது பல இளையோரின் நெஞ்சுப் பாரத்தை இறக்கியது. தைரியம் இல்லாதவர் என்று அவர்களைப் பழித்தவர்களும் உண்டு. அந்தப் பழியை நாங்கள் ஏற்பதில்லை.

தையல்காரம்மாவுக்கு ஒரு தனிப் பத்தி. மார்பை இறுக்க திருநம்பிகள் மருந்துக்கடையில் வாங்கும் சுருள் கட்டு, மூச்சு இழுக்க இழுக்க இன்னும் இறுகும். விலா எலும்பையே பதம் பார்க்கும். நீங்கள் தைத்த உள்சட்டையில் முன்பக்கம் இழுபடாத துணி, முதுகுப்பக்கம் இழுபடும் துணி, ஓரங்களில் தையல் உள்ளே உறுத்தாமல் மடித்த பட்டி. மார்பின் மிக அகன்ற இடத்தில், நேராக நிற்க வைத்து, சாதாரணமாக மூச்சு விடச் சொல்லி நாடா பிடித்தீர்கள். "ஒரு அளவு குறைச்சுத் தைங்க, இன்னும் தட்டையாத் தெரியும்" என்று கெஞ்சியவர்களிடம் உங்கள் பதில்: "முடியாதுய்யா, மூச்சு முக்கியம்." எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கவோ விளையாடவோ கூடாது, நம் ஊர் வெயிலுக்குக் கழற்றியதும் தோலைத் துடைத்துக் காயவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் பையைக் கொடுத்தீர்கள். ஆணை அழைப்பதுபோல் வந்த அந்த "யா"வைக் கேட்டுக் கண்கலங்கிய பிள்ளைகள் உண்டு.

மருந்தாளருக்கும் மருத்துவருக்கும் நன்றி. திருநங்கையர் பலர் கருத்தடை மாத்திரையை அளவில்லாமல் விழுங்குகிறார்கள். அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் இரத்தத்தை உறையவைக்கக்கூடியது. புகைப்பிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். திட்டாமல், பயமுறுத்தாமல், இயற்கை ஹார்மோனான எஸ்ட்ரடயாலுக்கு மாற்றி இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தீர்கள். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் அளவையும் பார்த்தீர்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடு என்று சொல்லியனுப்பினீர்கள்.

முகப்பில் இருந்த தாதிக்கும்தான். நம்மவர் அடையாள அட்டையில் பெயரோடு ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று இருக்கிறது. எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஏ/எல் என்று உரக்கக் கூப்பிட்டால் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அடுத்த முறை அவர் வரவே மாட்டார். நீங்கள் வரிசை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அதற்குச் செலவும் இல்லை, அனுமதியும் தேவைப்படவில்லை.

வழக்கறிஞர்கள் பூசி மெழுகாமல் பேசினார்கள். இயற்கைக்கு மாறான உடலுறவு, ஆபாசச் செயல் என்று சொல்லித் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி, 377டி பிரிவுகள் எல்லாருக்கும் பொருந்தும். 377பி-யில் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. தமிழ் முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டமும் சேர்ந்து வரும். ஆகவே குறுஞ்செய்தியில் எதை எழுதுவது, படத்தை யாருக்கு அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். கைதானால் காரணம் கேட்கலாம், குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம். நீதிபதி ஆணையில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. தேசியச் சட்ட உதவி அறவாரியம் மலேசியர்களுக்குக் கைது, தடுப்புக் காவல் நேரத்தில் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. வீட்டில் அடி விழுந்தால் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பிள்ளைகளையும் காக்கும். சமூக நல அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும். உடம்பில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே முதலில் பதிவு செய்யச் சொன்னீர்கள்; காயம் ஆறியபின் சான்று கிடைக்காது.

உயிரை விடத் துணிந்தவர்களோடு இரவு முழுக்கப் பேசிய பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர்களுக்கு நன்றி. 03-7627 2929 எந்த நேரமும் எடுக்கப்படும். 15999 தாலியான் காசே (அரசின் உதவி எண்), 15555 ஹீல் (சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்) ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஹீல் காலை 8 முதல் நள்ளிரவுவரை. தற்கொலை முயற்சி 2023 முதல் இங்கே குற்றமல்ல. ஆம்புலன்ஸ் அழைத்தால் போலீஸ் பிடிக்குமோ என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை.

பாலியல் சிறுபான்மையினருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் துணை நிற்கும் பி.டி. அறவாரியத்தினர் 1987 முதல் இந்த ஊரில் செய்துவரும் வேலை இல்லையென்றால் எங்களில் பலருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது. வாடகை அறை தந்த வீட்டுக்காரர்களுக்கும், கூட்டம் நடத்த மாடி அறையைத் திறந்துவிட்டு எதற்கு என்று கேட்காத பெரியவருக்கும் நன்றி.

எங்கள் தமிழ்ப் பிரசுரத்தை அச்சிட்ட பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணனே, முகப்பில் 'குடும்ப ஆலோசனை' என்று மட்டும் போட்டு, மற்றதெல்லாம் உள்மடிப்பில் வரும்படி வைத்தது உங்கள் யோசனை. இப்போது அதைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மேசைமேல் கிடந்தாலும் பிரச்சினை இல்லை. அடுத்த அச்சுக்கு அவசர எண்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து நடுமடிப்புக்கு மாற்றித் தர வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
தன்னார்வலர்கள்,
கோலாலம்பூர்