ஈரக் காற்றும் ஒரு மழைக்கோட்டும்

மன்னார்குடி,
கார்த்திகை முதல் வாரம்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விடாத அடைமழை. சம்பா வயலில் தண்ணீர் வடிய வைப்பதற்கே பொழுது சரியாகப் போயிற்று. இன்றுதான் கொஞ்சம் வெறித்திருக்கிறது.

எந்த 'ஜாக்கெட்' வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். என் வீட்டுக்காரி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மழைக்கோட்டு என்றே சொல்கிறேன்.

நீ விட்டுவிட்டுப் போனதைப் போட்டுக்கொண்டு போன மாதம் கோடியக்கரைக்குப் போனேன். ராமர் பாதம் வரை நல்ல மழையில் நடை. வெளிமான்கள் நனைந்துகொண்டே மேய்ந்தன. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் கழற்றினால், சட்டையைப் பிழியலாம். அத்தனையும் வேர்வை! மூச்சு விடும் துணி என்பார்களே, உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று குளிர்ந்து வறண்டிருக்க வேண்டும். நம் ஊர் ஐப்பசியில் காற்றே ஈரத்துணிதான். ஆஸ்திரேலியாவில் நீ நடக்கும் ப்ளூ மவுண்டன்ஸ் மலைக் குளிரில் அது வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்பக்கம் செதில் செதிலாக உரிகிறது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சாம், புழுக்கத்தில் மடித்தே கிடந்தால் சிதைந்துவிடும். நாலு வருஷம் பீரோவில் போட்டு வைத்தது என் தப்பு.

இப்போது நீ போடுவது அப்படியில்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணி குடிக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறாய்? போனது வெளிப்பூச்சு மட்டும். சோப்பு தங்காமல் அலசி, இளஞ்சூட்டில் உலர்த்திப் பார். பாதிக்குமேல் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் புதுசு வாங்கு. 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் துணிமேல் 10 மீட்டர் உயரத் தண்ணீர் நிற்கும் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். பை வார் அழுத்தும் தோளுக்கு அது வேண்டும். தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, அக்குளில் ஜிப் இருக்கிறதா, இரண்டையும் பார். என்னைக் கேட்டால், காற்று விடும் அந்த ஜிப்தான் முக்கியம்.

எனக்கு ஒன்று வாங்கி வருவதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம். நடவாட்கள் யூரியா சாக்கைத் தலையோடு முதுகை மூடும் கொங்காணியாகப் போட்டுக்கொள்கிறார்கள். முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று ஓடுகிறது. நானும் அதற்கு மாறிவிட்டேன். மார்கழியில் வா, பூநாரை பார்க்கப் போகலாம். உனக்கும் ஒரு சாக்கு அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ராஜா