அப்பாவின் பெட்ஃபோர்டும் மட்டக்குளி பாஸும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

திருத்தக் கொடுத்த அப்பாவின் பழைய பெட்ஃபோர்ட் லொறி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போன கடிதத்தில் நான் அதைப் பற்றி எழுதாததற்குக் காரணம் மனவருத்தம்தான். முதலில் கொடுத்த கராஜில் ஐந்து மாதம் கிடந்தது. போன் எடுத்தால் "அடுத்த கிழமை" என்பார்கள். நேரே போனால் உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் பளபளவென்று பூசித் தந்தார்கள், நானும் காசைக் கட்டி எடுத்து வந்தேன். முதல் மாரி மழைக்கே இடது கதவின் அடியில் பெயின்ற் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது.

அதன் பிறகுதான் மட்டக்குளியில் வண்டித் தகர வேலை செய்யும் ஒரு டிங்கரிங் பாஸிடம் (மேஸ்திரியிடம்) கொண்டுபோனேன். மனுஷன் வாய் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, லேஞ்சியில் சுற்றி, கதவின் மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். மேலே பற்றிப் பிடித்த காந்தம், அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வழுக்கிக் கையோடு வந்தது. "இதில தகரம் இல்ல மஹத்தயா, பட்டி மட்டும்தான்" என்றார். பள்ளம் நிரப்பப் பூசுகிற பசைதான் பட்டி, அது ஒரு விரல் தடிப்பு, மச்சான். துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அப்பியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துரு தின்றுகொண்டே போகும். வெளியே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

துருவுக்கும் குறைவில்லைத்தானே. 83 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவில் எங்கள் கடை எரிந்த கிழமை லொறி சுன்னாகத்தில் நின்றது. அதனால்தான் மிஞ்சியது. பிறகு எத்தனை வருஷம் உங்கள் கிணற்றடிக் கொட்டிலில் கிடந்தது என்று உனக்குத்தான் தெரியும். யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகே இங்கே இழுத்து வர முடிந்தது.

இந்த பாஸின் வேலைமுறை வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். கழற்றிய பழைய சாமான் ஒன்றையும் எறிய மாட்டார், உரப்பையில் கட்டித் திருப்பித் தருவார். தகரத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று துண்டில் தனித்தனியாக எழுதித் தருவார். ஒருநாள் காலையில் போன் பண்ணினார்: "வந்து பார்த்துட்டுப் போங்க. நீங்க பார்க்காம நான் வெட்ட மாட்டன்."

போனேன். ட்ரைவர் பக்க மிதியடிக்குக் கீழே, தாரைச் சுரண்டிய இடத்தில், ரிவெட் அடித்த ஒரு ஒட்டு. சதுர பிஸ்கட் டின்னை வெட்டி விரித்த தகரம். மஞ்சள் பூச்சும் பாதி எழுத்தும் இன்னும் இருந்தன. ரிவெட் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், அளவுகோல் வைத்து அடித்ததுபோல. அப்பாவின் கை அது. 70க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வராதபடியால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை, எங்கள் லொறிக்கு ஓய்வில்லாத ஓட்டம். அதே கட்டுப்பாட்டால் லொறிக்குத் தகரமோ பாகமோ கிடைக்கவில்லை. நீயும் நானும் வெங்காய மூட்டைக்கு மேல் படுத்து ஆனையிறவு உப்புக்காற்றில் வந்த இரவுகளில் எங்களுக்குக் கீழே இந்த பிஸ்கட் தகரமும் இருந்திருக்கிறது.

பாஸ் அதை வெட்டாமல் ரிவெட் ரிவெட்டாகக் கழற்றி என் கையில் தந்தார். அந்த இடத்தில் 18 கேஜ் தகரம் வைத்து, சூட்டில் நெளியாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு வெல்டிங் பிடித்தார். பட்டி வைத்தது கடைசியில்தான், அதுவும் காகிதம்போல மெல்லியதாக. ஒளிக்க ஒன்றுமில்லாத வேலைக்காரன்தான் வாசலைத் திறந்து வைப்பான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இத்தனை வயதில் ஒரு கராஜில் நின்று கண் கலங்குவேன் என்று நினைக்கவில்லை.

பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைத்தெருவில் அலைகிறேன். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பெட்ஃபோர்ட் லொறி செய்ததால், சில சாமான்கள் அந்த வழியாகவாவது கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். கதவுக் கண்ணாடி ரப்பர் கிடைத்துவிட்டது. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி நின்றிருந்தது அல்லவா, அந்த நாளில் இருந்ததையே திருத்தி ஓடப் பழகிய சனம் இன்னும் அந்தத் தெருவில் நெரிகிறது. கூட்டத்துக்குள் நின்று விலை பேசுவது பெரிய பாடு.

ஒரு உதவி வேண்டும். உன் அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்தது இந்த லொறிதானே. அந்த அல்பத்தில் பக்கப் பலகை தெரிகிற படம் ஒன்று இருந்தது. பலகை நீலம் என்று நான் சொல்கிறேன், தம்பி பச்சை என்று நிற்கிறான். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் அக்காவையே கேட்டுச் சொல், அவவுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ் வருகிற செவ்வாய்க்கிழமை பெயின்ற் கலக்கப் போகிறார். அதற்கு முன் ஒரு போன் எடு.

என்றும் அன்புடன்,
உன் நாலாம் குறுக்குத்தெருச் சிநேகிதன்