பாப்பாவின் ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்களுக்கு

தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தால் கொலுசுப் பட்டறை வேலை நின்றுவிடும், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும்: எங்கள் வீட்டுப் பாப்பா ஏற்காடு மலைப்பாதையை வைத்து மாண்டலினில் ஒரு ஆல்பம் செய்தாள், அதைக் கேட்டுச் சிலர் திட்டியும் சிலர் தூக்கிவைத்தும் எழுதினார்கள். யார் என்ன எழுதினார்கள், பாப்பா எதற்காக மாண்டலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள் என்பதையெல்லாம் மறுபடி கிளற மனசில்லை. நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தி.

காரணம், ஏற்காடு பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடிவாரத்திலிருந்து மேலே போகிற 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வளைவுக்கொன்றாக 20 பாட்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, வார்த்தையே கிடையாது, அதுதான் பாப்பாவின் ஆல்பம். இதை ஒரு பதினேழு வயதுப் பெண் செய்திருக்கிறாள் என்று கண்டக்டர் ஒருத்தர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம். தன் வார லீவில் வீட்டில் உட்கார்ந்து முதல் வளைவிலிருந்து இருபதாவது வரைக்கும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எனக்கு போன் போட்டார்.

"எனக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாதுங்க, வளைவு தெரியும்" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். பாப்பா வாசிப்பில் வளைவுக்கு வளைவு சத்தமும் வேகமும் ஏறிக்கொண்டே போகிறதாம், வண்டி அப்படி ஏறாதாம். வளைவுக்கு முன்னால் ஹாரன், கியரைக் குறைத்து அடங்கித் திரும்பி, திரும்பி முடித்த பிறகுதான் இழுக்கும், எதிரே இறங்குகிற வண்டி ஒதுங்கி நமக்கு வழி விடும், அந்த நிற்கிற நேரம் பாட்டில் எங்கேயுமே இல்லை என்றார். கடைசியாக ஒன்று கேட்டார் பாருங்கள்: "ஏரி வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டீங்களே, இறங்குறது எங்கங்க? ஏறுறதை யாரும் ஏறிடலாம். ஏறின கியர்லயே இறங்கணும், பிரேக்கை மட்டும் நம்பினா சூடாகிப் பிடிக்காது. கஷ்டமே அதுலதான்."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவள் அழுதுவிடுவாளோ என்று பயந்து நிறுத்தப் போனேன். இவளோ நோட்டை எடுத்துக்கொண்டு வந்து "எந்த வளைவு அண்ணா ரொம்ப மோசம்?" என்று கேட்க, ரெண்டு பேரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார்கள்.

திட்டியவர்களும் சரி, குழந்தை மேதை என்று தூக்கிவைத்தவர்களும் சரி, எல்லாரும் எழுதியது அவள் வயசைப் பற்றித்தான். மலையைப் பற்றிப் பேசினது இவர் ஒருத்தர்தான்.

மற்றவர்களை மறக்கவில்லை. பறையும் உருமியும் வாசித்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாமென்ற தம்பிகள், தினமும் தட்டுவடை செட்டோடு வந்து உட்கார்ந்த அம்மாப்பேட்டைத் தோழிகள், எதுவும் கேட்காமல் பாடம் எடுக்க வந்த மாண்டலின் வாத்தியார், எல்லாருக்கும் நன்றி. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சிறுவனாக மேடையேறியபோது இந்தக் கருவியில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, வருமா என்று சந்தேகப்பட்டார்களே என்றும், இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவின் முதல் படம் 1997இல் வந்தபோது அவருக்குப் பதினெட்டுகூட ஆகவில்லையே என்றும் ஆறுதல் சொன்னவர்களுக்கும் நன்றிதான், ஆனால் பெரிய பெயர்களைக் கேட்டால் பாப்பாவுக்குப் பயம் கூடத்தான் செய்கிறது, அடுத்த தடவை விட்டுவிடுங்கள்.

எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். இனி எந்தப் பிள்ளை எதைச் செய்து காட்டினாலும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர மாட்டேன், முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

இறக்கம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள், ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அண்ணன் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போய்வரக் கேட்டிருக்கிறாள். நான் சரி என்றுவிட்டேன். அவரும் சரி என்றார், டிக்கெட் மட்டும் எடுத்தே ஆக வேண்டுமாம்.