சேதுவுக்கு, கோழிக்கூட்டுச் சுவர் பற்றி

அன்புள்ள சேது,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் கால்வலி தேவலை. சின்னக்கா அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாள்.

நீ அனுப்பிய கோழிக்கூட்டு வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. நாலு பக்கமும் செங்கல், மேலே தகரம், ஒரே ஒரு சன்னல். பள்ளிக்கூடத்து வரைபட நோட்டு மாதிரி கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் அதற்குள் எட்டுக் கோழியும் வெந்துவிடும், சேது.

கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தீனி குறையும், முட்டை குறையும், முட்டையின் ஓடும் மெலியும். காற்றில்லாத கூட்டில் எச்சத்து நெடி வேறு கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். அதனால் செங்கலை ஒன்றரை அடியோடு நிறுத்து. அதற்குமேல் கூரை வரை கம்பிவலைதான். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் நேராக உள்ளே விழாது. எட்டுக் கோழி இரவில் அடைய ஆறுக்கு நாலடி போதும், பகலில் வெளியே மேயத்தானே போகின்றன. தகரம் வாங்கிவிட்டாயென்றால் அதன்மேல் தென்னங்கீற்றைப் போர்த்து. சாரல் அடிக்காமலிருக்கக் கூரை இரண்டரை அடி வெளியே நீளட்டும். தரையை ஓரடி உயர்த்து.

வலையில் காசு மிச்சம் பிடிக்காதே. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயைத் தடுக்காது. பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலை வாங்கு. கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், கதவிடுக்கைப் பார். வெளிப்பக்கம் ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதை. மரநாய் கூரைவழி வரும், கீற்றுக்கு அடியிலும் வலை வேண்டும்.

இரவில் ஏறி உட்கார்ந்து தூங்க, கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் ஆறடிச் சட்டம் ஒன்று, இரண்டு அடி உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இரண்டங்குலக் கட்டை, முனைகளை இழைத்துவிடு. ஆணி அடிக்காதே, காடி வெட்டி உட்கார வை. கோழி ரத்தம் குடிக்கும் செள்ளுப்பூச்சி பகலெல்லாம் கட்டை உட்காரும் சந்தில்தான் ஒளிந்திருக்கும். அதனால் வாரம் ஒருமுறை கட்டையைக் கழற்றி வெயிலில் போட்டு வேப்பெண்ணெய் தடவ வேண்டும்.

முட்டைப்பெட்டி இரண்டு போதும், ஓரடிக்கு ஓரடி. சட்டத்தைவிடத் தாழ்வாக, இருட்டு மூலையில் வை. உயரத்தில் வைத்தால் பெட்டியிலேயே தூங்கி எச்சமிட்டு முட்டையை அசிங்கமாக்கும்.

தரையில் உமி மூன்று அங்குலம். வாரம் இரண்டுமுறை கிளறு. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். குஞ்சுகள்தான் முதலில் சாகும். தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்கு வெளியே நிழலில் வை.

சுவர் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது? கொத்தனாரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு உடனே எழுது.

உன்,
ராஜு